போலந்து டயர் கடைக்கும் குத்துவிளக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஆடி மாதம் எங்கள் பட்டறையில் வேலை குறைவு. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, விளக்குக்கு ஆர்டரும் இல்லை. அப்பா உலையைப் பற்றவைக்காமல் பழைய மாதிரிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். நான் கணினியில் வருஷக் கணக்கு பார்ப்பேன். 2022 ஆடியில் அப்படி உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: கூகுள் தேடலிலிருந்து எங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் முந்தின வருஷத்தில் பாதிகூட இல்லை.

ஆடி என்பதால்தான் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வருஷமும் ஆடி வந்ததே?

எங்கள் ஊர் நாச்சியார்கோவில். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர். குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர், புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு வார்ப்பு, கடைசல், பாலிஷ் எல்லாம் வீட்டுப் பின்கட்டிலேயே. 2017-ல் நான் ஒரு தளம் போட்டேன். பி.காம் படித்தவளுக்கு அதில் யூடியூப்தான் வாத்தியார். அதிசயமாக, ஊர்ப் பெயரோடு விளக்கைத் தேடினால் இரண்டாவதோ மூன்றாவதோ நாங்கள் வந்துவிடுவோம். நாலு வருஷம் அப்படியே ஓடியது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று போன் வரும். அப்பாவுக்கு அந்த போன்களில் ஒரு பெருமை. “கம்ப்யூட்டர் பார்ட்டி” என்பார்.

அந்த ஆடியில் நாங்கள் இரண்டாம் பக்கத்தில் இருந்தோம். எங்கள் இடத்தில் ஒரு புதுத் தளம் உட்கார்ந்திருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. பட்டறை கிடையாது, வார்ப்பு கிடையாது, எங்கிருந்தோ வாங்கி விற்கிறவர்கள். படத்தில் இருக்கிற விளக்குகளில் சிலது எங்கள் ஊர்க் கடைசலே இல்லை, அது எனக்குத் தண்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் தலைப்பில் எங்கள் ஊர்ப் பெயர் பளபளவென்று இருந்தது.

அவர்களுக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கருவியை இலவச அளவில் திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் பேக்லிங்க், அதாவது வெளித் தளங்களிலிருந்து வருகிற இணைப்பு. எங்களுக்கு 63. பட்டியலைக் கீழே தள்ளத் தள்ள எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. போலந்து மொழியில் கார் டயரைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு பக்கத்தின் பின்னூட்டத்தில் விளக்கு இணைப்பு. ஒரு சூதாட்டத் தளத்தின் அடியில் ஒன்று. யாருமே பேசாத விவாதக் களங்களில் உறுப்பினர் விவரப் பக்கம் மட்டும் திறந்து வைத்து, அதில் ஒன்று. பல் மருத்துவம், வீட்டுக் கடன், நாய்த் தீவனம் என்று எல்லா இடத்திலும் ஒரே ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது இணைப்பைத் தாங்குகிற வார்த்தைகள்: ‘பை பிராஸ் லேம்ப் ஆன்லைன்’. நிஜமாக நம்மை விரும்பி இணைப்பு கொடுக்கிறவர்கள் அப்படியா எழுதுவார்கள்? ‘இந்தக் கடையில் வாங்கினோம்’ என்பார்கள், இல்லையென்றால் வெறுமனே ‘இங்கே’ என்று போடுவார்கள். நூறு பேர் ஒரே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொல்கிறார்கள் என்றால் ஒரே ஆள் எழுதிக்கொடுத்தது என்றுதான் அர்த்தம்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். “கூகுள்காரன் எதை வச்சும்மா வரிசை போடறான்?”

சொன்னேன். 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் எழுதிய கணக்கு. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டுகிற பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு என்று பார்த்து எடை போடுவது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்னொருவர் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை. இப்போது அது மட்டுமே கணக்கில்லை, ஆனால் அதுவும் ஒன்று.

“மாப்ள விசாரிக்கிற மாதிரி” என்றார் அப்பா. “அந்த ஊர்ல நாலு பேர்ட்ட கேப்போம்ல.”

“அதேதான் அப்பா.”

“அந்த நாலு பேரும் மாப்ள வீட்டுக் காசுல டீ குடிச்சவனா இருந்தா?”

லிங்க் ஸ்பேம் என்றால் என்ன என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது ஒன்றும் புதிதில்லை. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு பெரிய கட்டுரை போட்டது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை, உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலில் வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் காசு கொடுத்து வைத்த இணைப்புகள். எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கம்பெனி சொன்னது, தேடல் வேலை பார்த்த நிறுவனத்தை நீக்கியது. கூகுள் கை வைத்ததும் ஒரு பெட்டி வகைக்கு முதலிடத்தில் இருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனதாக அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. அடுத்த வருஷம், 2012 ஏப்ரலில், பென்குயின் என்ற பெயரில் இதற்காகவே ஒரு மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது.

இதை எடுத்துக்காட்டித்தான் ‘திருடன் ஒருநாள் மாட்டுவான்’ என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் உறைத்தது வேறு. அந்தக் கடை மாட்டியது பிப்ரவரியில். கிறிஸ்துமஸ் வியாபாரம் முழுவதையும் முடித்த பிறகு! எனக்குக் கார்த்திகை தீபமும் தை முகூர்த்தமும் போன பிறகு நியாயம் கிடைத்து என்ன பிரயோஜனம்?

அந்த ஆத்திரத்தில்தான் நானும் தப்பு செய்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

2022 அக்டோபரில் சித்தப்பா மகன் ஒரு வாட்ஸ்அப் எண்ணை அனுப்பினான். ஆறாயிரம் ரூபாய்க்கு ஆயிரம் பேக்லிங்க், எல்லாம் ‘டிஏ 50-க்கு மேல்’. டிஏ என்பது டொமைன் அத்தாரிட்டி, மாஸ் என்ற நிறுவனம் ஒவ்வொரு தளத்துக்கும் தானாகப் போடுகிற மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்று பிற்பாடுதான் படித்தேன். அன்றைக்கு அது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. பாலிஷ் சாமான் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஒரு எக்செல் கோப்பு வந்தது. வரிசையாக முகவரிகள். ஆசையாக ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

பதினோராவது வரியில் அதே போலந்து டயர் பக்கம். எதிராளியின் இணைப்புக்கு நாலு பின்னூட்டம் கீழே, நாங்கள்.

கார்த்திகைக்குள் கொஞ்சம் ஏறினோம் என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்தின் கடைசிக்கு. அந்த ஏற்றம் இணைப்புகளால் வந்ததா, சீசனில் எல்லாம் ஆடுவதால் வந்ததா என்று சத்தியமாக எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு ‘வேலை செய்கிறது’ என்று நம்பினேன். அடுத்த தவணைக்கும் பேசி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோவிலில் கல் கருடன் இருக்கிறார். மார்கழியிலும் பங்குனியிலும் புறப்பாடு. சன்னதியில் நாலு பேர் தூக்குவார்கள், அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கூடிக்கொண்டே போகும். வெளியே வர வர பாரம் ஏறும் என்பது ஐதீகம். திரும்பும்போது அதே கணக்கில் இறங்கும். என் தளம் ஏறின ஏற்றம் இறங்கியதும் சரியாக அந்த மார்கழியில்தான். 2022 டிசம்பர் 14-ஆம் தேதி கூகுள் ஒரு லிங்க் ஸ்பேம் அப்டேட்டைத் தொடங்கியது. ஸ்பேம்பிரெய்ன் என்ற அவர்களுடைய செயற்கை நுண்ணறிவு அமைப்பு, வாங்கின இணைப்புகளையும் விற்கிற தளங்களையும் கண்டுபிடித்து அந்த இணைப்புகளின் பலனைச் செல்லாததாக்கும் என்றார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் அது முடிந்தது. நான் இரண்டாம் பக்கத்தில், பழைய இடத்தில். கருடனை நாலு பேரே மறுபடி தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்ட மாதிரி.

கவனியுங்கள், தண்டனை இல்லை. 2016-ல் பென்குயினின் நாலாவது பதிப்பு வந்ததிலிருந்தே பெரும்பாலும் அப்படித்தான்: கெட்ட இணைப்புக்காகத் தளம் முழுவதையும் கீழே தள்ளுவதைவிட, அந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கூகுள் ஊழியரே பார்த்து எடுக்கிற நடவடிக்கை தனி, அது வந்தால் சர்ச் கன்சோலில், அதாவது தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற கணக்குப் பக்கத்தில், எழுத்தில் வரும். எனக்கு அங்கே எதுவும் வரவில்லை. ஆறாயிரம் ரூபாய் போனது மட்டும்தான்.

இதை அப்போது நிதானமாகப் புரிந்துகொண்டிருந்தால் அடுத்த கூத்து நடந்திருக்காது.

பயந்துபோய் டிஸ்அவோ கருவியைத் திறந்தேன். ‘இந்த இணைப்புகளை என் கணக்கில் சேர்க்காதே’ என்று கூகுளிடம் எழுதிக் கொடுக்கிற வசதி, 2012-லிருந்து இருக்கிறது. வெறும் டெக்ஸ்ட் கோப்பு, வரிக்கு ஒரு டொமைன், அதாவது ஒரு தளத்தின் முகவரிப் பெயர். இது எல்லோருக்குமான கருவி இல்லை, தப்பாகப் பயன்படுத்தினால் உங்களுக்கே நஷ்டம் என்று அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? சர்ச் கன்சோலிலிருந்து மொத்தப் பட்டியலையும் இறக்கி, எங்களுக்குத் தெரிந்த நல்ல தளங்களை நீக்கிவிட்டு மிச்சத்தை ஏற்றுவதுதான் திட்டம். ராத்திரி பதினொன்றரை மணி, குழந்தை மடியில். எக்செல்லில் வடிகட்டியைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

ஏற்றியது நல்ல பட்டியலை.

சிங்கப்பூரில் ஒரு கோவில் கமிட்டி, கும்பாபிஷேகத்துக்கு எங்களிடம் விளக்கு வாங்கி நன்றி சொல்லிப் போட்டிருந்த பக்கம். கைவினைப் பொருட்களைப் பற்றி எழுதுகிற ஒரு பேராசிரியையின் பக்கம். எங்கள் ஊர்ப் பட்டறைகளைப் பற்றிச் செய்தி போட்ட ஒரு பத்திரிகை. எல்லோரையும் ‘இவர்களை எனக்குத் தெரியாது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போலந்து டயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அது தெரியவந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. கோப்பை நீக்கினேன். அந்தப் பக்கங்களைக் கூகுள் மறுபடி வந்து படித்துக் கணக்கைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சித்திரை முகூர்த்தமும் அப்படியே போனது.

எதிராளியின் தளம் அந்த மார்கழியில் ஆடவே இல்லை என்பதுதான் என்னைத் தின்றது. நாலாயிரம் இணைப்பும் செல்லாக்காசு என்றால் அவர்கள் ஏன் விழவில்லை?

ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அந்த நாலாயிரத்தில் ஒரு இருபது மட்டும் வேறு மாதிரி. தளங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கிற வேபேக் மெஷினில் பழைய உருவத்தைத் தேடிப் பார்த்தால், அதில் ஒரு டொமைன் முன்பு ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் நடத்தியது. புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள் போல. யாரோ அந்தப் பெயரை வாங்கி, பழைய மரியாதையை வைத்துக்கொண்டு, உள்ளே பித்தளைச் சாமான் பற்றிக் கட்டுரை அடுக்கியிருந்தார்கள். செத்துப்போன பெரியவர் பெயரில் சிபாரிசுக் கடிதம் எழுதுகிற மாதிரி. இதைக் கூகுளின் ஸ்பேம் புகார்ப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். பதில் வராது என்று தெரியும். வரவும் இல்லை.

இன்னொரு காரணத்தை அப்பா கண்டுபிடித்தார். 2023 ஆடி. அந்தத் தளத்தைத் திறந்து, “பாருங்கப்பா, நம்ம ஊர் பேரைப் போட்டு என்னத்தை விக்கிறான்” என்று நீட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“உசரம் போட்டிருக்கான். எடை போட்டிருக்கான். எத்தனை பாகமாக் கழலும்னு போட்டிருக்கான். விலை போட்டிருக்கான். நீ என்னம்மா போட்டிருக்க?”

நான் போட்டிருந்தது: ‘விலைக்கு அழைக்கவும்.’

“நீங்கதானே அப்பா விலை போடக் கூடாதுன்னு சொன்னீங்க!”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பித்தளை விலை தினம் மாறும், எழுதி வைத்தால் அதையே பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. தாமிரமும் துத்தநாகமும் ஏறினால் நாங்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் தேடுகிறவர்கள் தட்டுவதில் பாதி ‘விலை’ என்று முடிகிறது. சர்ச் கன்சோலில் அது ஐந்து வருஷமாக என் கண் முன்னாலேயே இருந்தது. ‘குத்துவிளக்கு 2 அடி விலை’, ‘5 முக விளக்கு எடை’, அப்புறம் அதையே ஆங்கில எழுத்தில் ‘விளக்கு’க்கு ஒரு எழுத்து கூட்டியும் குறைத்தும் பத்து விதமாக. நான் பேக்லிங்க் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்பாடு ஆனது. கிலோ விலை, அதன் பக்கத்தில் தேதி, ஒவ்வொரு உயரத்துக்கும் சராசரி எடை. திங்கட்கிழமை காலையில் நான் மாற்ற வேண்டும். எடையைப் பற்றி அப்பாவே சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரே உயரத்தில் இரண்டு விளக்கு இருக்கும், ஒன்றை ஒரு கையால் தூக்கிவிடலாம், இன்னொன்றுக்கு இரண்டு கையும் வேண்டும், படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆகவே எடை கேட்காமல் யாரிடமும் விளக்கு வாங்காதீர்கள், எங்களிடம் உட்பட. அப்பாவின் வாக்கியம் அது, ‘எங்களிடம் உட்பட’வையும் சேர்த்து.

அதோடு போனில் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். புளி போட்டுத் தேய்க்கலாமா? விமானத்தில் கொண்டுபோக எப்படிப் பிரித்துக் கட்டுவது? எண்ணெய்ப் பிசுக்கு ஏறித் திருகு இறுகிவிட்டால் என்ன செய்வது? (சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி வைத்துத் துணி சுற்றித் திருகுங்கள். தயவுசெய்து குறடு போடாதீர்கள்.) இந்தத் திருகுப் பக்கம்தான் இன்றைக்கு எங்கள் தளத்திலேயே அதிகம் பேர் படிப்பது. மலேசியாவில் ஒரு கோவில் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். ‘இங்கே பார்க்கவும்’ என்று. ஆங்கர் டெக்ஸ்ட் என்ற வகையில் உதவாக்கரை. நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

ஆறு மாதத்தில் ‘விலை’, ‘எடை’ என்று முடிகிற தேடல்களில் முதல் மூன்றுக்குள் வந்தோம். பொதுவாகப் பித்தளை விளக்கு என்று தேடினால் அவர்கள்தான் மேலே.

2024 மார்ச்சில் கூகுள் புதிய ஸ்பேம் விதிகளைக் கொண்டுவந்தது. காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய பேரை வைத்துப் பிழைப்பதும் அதில் பெயர் சொல்லி இருந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஏப்ரல் கடைசியில் அந்தத் தளம் மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது. அப்பாவை எழுப்பிச் சொன்னேன். “சரி, தூங்கு” என்றார்.

ஜூனில் வேறொரு தளம் இரண்டாம் இடத்துக்கு வந்தது. புதுப் பெயர், புது நிறம், அதே விளக்குகள், அதே வாக்கியங்கள். இணைப்புப் பட்டியலைத் திறக்கக்கூட இல்லை, அந்த ஊழலில் மறுபடி இறங்க எனக்குத் தெம்பில்லை. சும்மா படங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். நாலாவது படம் எங்கள் பட்டறையில் எடுத்தது. அன்னத்தைத் தண்டில் திருகிக்கொண்டிருக்கிற கை. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் பழைய தீக்காயத் தழும்பு.

“இது என் விரல்ல?” என்றார் அப்பா.

காப்புரிமை மீறல் என்று கூகுளின் படிவத்தில் புகார் கொடுத்தேன். என் மூலப் படம், எடுத்த தேதி, எங்கள் பக்கத்தின் முகவரி. ஸ்பேம் புகாருக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகக் கிடைக்காத பதில் இதற்கு எட்டே நாளில் வந்தது: அந்தப் பக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம்தான். மிச்சப் பக்கங்கள் இருக்கின்றன, அந்தத் தளமும் இருக்கிறது, நாங்கள் அதற்குக் கீழே நாலாவது. அப்பா இப்போது எந்தப் படம் எடுத்தாலும் கட்டைவிரல் தெரிகிற மாதிரி பிடிக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே.

இன்று திங்கட்கிழமை. பித்தளை கிலோவுக்கு ஏறியிருக்கிறதாம், உள்ளிருந்து இரண்டு தடவை குரல் வந்துவிட்டது. போய் விலைப் பக்கத்தை மாற்ற வேண்டும்.